குத்தஞ்சொல்லி மேடு

அது ஒரு காலம். கரிசக்காட்டுக்குள்ள ஊசிமேட்டுப்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல கோப்பம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வகையறாவுக்கே மூத்தவ அவதான். புருசன் போய்ச் சேந்துட்டான், பிள்ளைக மூணு. விளைச்சல்ல பங்கு குடுக்கிற பேச்சுல வாரத்துக்குப் பிடிச்ச நிலம் ஒண்ணு. அதை உழ ரெண்டு மாடு, கறுப்பா ஒரு காரி, சாம்பலா ஒரு மயிலை. அவ வாய் ஏழு ஊருக்குக் காணும்னு சொல்லுவாக. சிரிக்காதீக, அந்த வாய்தான் நம்ம எல்லாருக்கும் வந்திருக்கு.

மயிலை நல்ல உழைப்பாளி. ஆனா ஒரு குணக்கேடு, தண்ணியைக் கண்டா படுத்துக்கிடும். அடிச்சாலும் எந்திரிக்காது, கெஞ்சினாலும் எந்திரிக்காது. கோப்பம்மா நிலமோ ஓடைக்கு அங்கிட்டு. போன வருசம் அது ஓடையில படுத்ததுல விதைப்பே தப்பிப் போச்சு. இந்த வருசமும் தரிசாக் கிடந்தா நிலத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு நிலத்துக்காரரு சொல்லிட்டாராம். நிலம் போனா பிள்ளைக பட்டினிதான்.

மழையும் பேஞ்சுது. மறுநா பொட்டல்ல மாட்டுச் சந்தை. அப்பல்லாம் மாட்டுக்கு மாடு. ரெண்டு பேருக்கும் சம்மதம்னா கயித்தை மாத்திக்கிட வேண்டியது, அம்புட்டுத்தான். பக்கத்தூரு குருவையா ஒரு செவலை மாட்டோட நின்னாரு. இவ மயிலையைப் புகழ, அவரு செவலையைப் புகழ, ஒரே புகழ்மழை. செவலை ஏர்ல எந்தப் பக்கம் பூட்டுற மாடுன்னு இவ கேட்டா. வலம் இடம் எங்கிட்டுப் பூட்டினாலும் போகும்னாரு. மயிலைக்குக் குறை ஏதும் உண்டான்னு அவரு கேட்டாரு. பெத்த பிள்ளை கெட்டுது போங்கன்னா இவ. கயிறு மாறிச்சு. ரெண்டு பேரும் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே வீடு போனாகளாம்.

விடிஞ்சதும் செவலை ஓடையில ஜம்முனு நடந்துச்சு. கோப்பம்மாவுக்குச் சந்தோசம் தாங்கலை. மயிலையைப் பூட்டுற வலப்பக்கமே இதையும் பூட்டினா. நாலு எட்டு வச்சுது, திரும்பி நின்னுக்கிடுச்சு. மறுபடி பூட்டினா, மறுபடி திரும்புச்சு. உச்சி வெயில் வரைக்கும் ஒரு சால் ஓடலை. ஈரம் இன்னும் ஒரு நாளைக்குத்தான் தாங்கும். செவலையைப் பிடிச்சுக்கிட்டுக் குருவையா ஊருக்குக் கிளம்பிட்டா.

பாதி வழியில ஒரு மேடு. அங்கிட்டிருந்து மயிலையைப் பிடிச்சுக்கிட்டுக் குருவையாவே வாராரு, கழுத்து வரைக்கும் நனைஞ்சு போய்.

வாய் திறந்தா தன் குட்டு உடைஞ்சு போகுமேன்னு ரெண்டு பேருக்கும் பயம். மாட்டைக் காத்தாட நடத்திட்டு வாரேன்னாரு அவரு. நானும் அப்படித்தாண்ணேன்னா இவ. உக்காந்தாக. உங்க செவலை உங்களைத் தேடுதுன்னு இவ சொல்ல, உங்க மயிலை புல்லு கடிக்கலைன்னு அவரு சொல்ல, பொழுது சாய ஆரம்பிச்சிருச்சு. கரிசல்ல ஈரம் காயுது. கோப்பம்மாவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சாம்.

"அண்ணே, நான் உங்களை ஏமாத்திட்டேன். என் மாடு தண்ணியைக் கண்டா படுத்துக்கும். நாளைக்கு விதைக்கலேன்னா எனக்கு நிலம் இல்லை."

குருவையா செவலையோட கழுத்தைத் தடவிக் குடுத்தாரு.

"செவலை இடத்து மாடு தாயி. வலத்துல பூட்டினா நகராது. எங்கிட்ட இருக்கிற இன்னொண்ணும் இடத்து மாடுதான். அதான் உன் தலையில கட்டிட்டேன்."

கோப்பம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சாளாம். அவ காரி எந்தப் பக்கமும் போகும். செவலையை இடத்துல பூட்டினா வேலை முடிஞ்சுது. குருவையா நிலத்துக்குப் போற வழியில ஓடையும் இல்லை, ஒண்ணும் இல்லை. மயிலையைக் கண்மாய்க்குக் குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போகாம இருந்தாச் சரி. திருப்பிக் குடுக்க வந்த மாட்டையே ஆளுக்கு ஒண்ணாத் திரும்ப ஓட்டிட்டுப் போனாக. மறுநா மத்தியானத்துக்குள்ள கோப்பம்மா விதைச்சு முடிச்சா.

அதுக்கப்புறம் அந்த மேட்டுலதான் மாடு மாத்துறது. தன் மாட்டுக் குத்தத்தைத் தானே சொல்லாம கயித்தைத் தொடக் கூடாது. குத்தஞ்சொல்லி மேடுன்னு பேராச்சு. மாடு போய் இப்ப டிராக்டர் வந்திருச்சு, ஆனாலும் நம்ம வகையறாவுல கல்யாணம் பேச இன்னைக்கும் அங்கதான் போறாக. என்னைப் பத்தி எங்க அய்யா சொல்ல ஆரம்பிச்சாரு, வெயில் இறங்குற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அம்புட்டையும் கேட்டுட்டுத்தான் அவுக எனக்குப் பொண்ணு குடுத்தாக.