குழிவெட்டிக்கு வரவேண்டிய சட்டை

அங்க உக்காராதீங்க தம்பி, மேல ஒழுகுது. இப்படி அடுப்புப் பக்கமா வாங்க. ஆங்... இப்பச் சொல்லுங்க, எங்க விட்டீங்க? சட்டை போட்ட மடையன்னு ஏதோ சொன்னீங்க, அப்புறம் நீங்களே சிரிச்சிட்டீங்க, எனக்குப் பாதி விளங்கல. உங்க பேச்சும் பாருங்க, ஏதோ பிரசங்கம் பண்ற மாதிரி இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பரங்கி நம்ம பாஷைய இவ்வளவு பேசுறதே பெருசுதான்.

ம்... ம்... ஓ, அப்படியா! செத்துப் போனவன் சட்டைய எடுத்துத் தானே மாட்டிக்கிட்டானே, அவன் கதையா? எங்க வூட்டுக்காரர் எழுதுன வைத்தியப் புஸ்தகத்துல கடைசி அத்தியாயத்துல வர்றவன். அந்த இடம் வந்தா உங்க வைத்தியப் பள்ளிக்கூடத்துப் பசங்க பெஞ்சியத் தட்டிச் சிரிப்பாங்களாக்கும். சிரிக்கட்டும், வயசு அப்படி. அத்திப்பழம் எடுங்க. அந்தக் கதைக்கு அப்புறம் வரலாம்.

என்னது, ஸஃபானுஸ்ஸா? எங்க வூட்டுக்காரர அப்படியா கூப்பிடுறீங்க? அடப் பாவமே. ஸஃப்வான் தம்பி. சொல்லுங்க பாப்போம். ஸஃப்...வான். சரி விடுங்க, வராது. அவரே கேட்டிருந்தா வயிறு குலுங்கச் சிரிச்சிருப்பாரு.

நெசமாவா? பள்ளிக்கூட வாசல்லயே செதுக்கி வெச்சிருக்கா? பெரியவங்க சொன்னாங்கன்னு எழுதாதே, உன் கண்ணால பாத்துட்டு எழுதுன்னு? அது அவர் வாய்ச் சொல்லுதான். சாப்பிட உக்காந்தாலும் அதையேதான் சொல்லுவாரு. குழம்புல உப்பு கம்மின்னு நான் சொன்னாக்கூட, இரு நான் ருசி பாத்துக்கிறேம்பாரு. உங்க ஊர்ல அத வாசல்ல வெச்சிருக்கீங்க. எங்க வாசலையும் பாத்தீங்கல்ல, கதவுல குழி குழியா இருக்கே? அதே சொல்லுக்குத்தான் அதுவும். இந்தப் புஜாயா ஊரே திரண்டு வந்து கல்லெறிஞ்சுது.

நீங்க உள்ள வர்றப்போ வாசல்ல ஒரு கெழவன் உக்காந்திருந்தானே, பாத்தீங்களா? அவன்தான் மஸ்ஊது. குழிவெட்டி. உங்ககிட்டயும் ஆரம்பிச்சிருப்பானே, ஹக்கீம் என் சட்டையப் புடுங்கிட்டாருன்னு, எங்க வூட்டு வைத்தியரத்தான் சொல்றான்? ஆரம்பிச்சுட்டானா! ஆளு மாறினாலும் அந்தப் பாட்டு மாறாது. இத்தனை வருஷமாச்சு, இன்னும் அவனுக்கு ஆறல. பட்டு வெச்சுத் தெச்ச சட்டையாம், கையில எடுத்தா பூ மாதிரி இருந்துச்சாம். வெள்ளிக்கிழமைன்னா வந்துருவான். ரொட்டியும் திம்பான், திட்டவும் திட்டுவான்.

எங்க ஊர் வழக்கம் அது தம்பி. ஒருத்தர் செத்து மையத்தாயிட்டா, உடுத்தியிருந்த துணி குழிவெட்டிக்கு. மிச்சம் மீதி ஏழை பாழைங்களுக்கு. துணியக் குடுத்தா போனவருக்கு நன்மைன்னு குடுக்குறது. நல்ல மனசுலதான் குடுக்குறாங்க, அதுதான் கொடுமை.

பெரிய கொள்ளை நோவு வந்த வருஷம் குழிவெட்டியா இருந்தது மஸ்ஊது இல்ல, சுலைமான்னு ஒருத்தன். சம்பாதிச்சான்னா அப்படிச் சம்பாதிச்சான், துணி மூட்டை மூட்டையா வந்துச்சு. அவன் போனான், பொண்டாட்டி போனா, புள்ளைங்க போச்சு. அவன் தம்பிக்காரன் மூட்டையக் கொண்டுபோய் மலை மேல ஒரு ஊர்ல வித்தான். அதுவரைக்கும் நோவுன்னா என்னன்னு தெரியாத ஊரு. மூட்டை போனதும் அங்கயும் நோவு வந்துச்சு, போய்ப் பாத்துட்டு வந்தாரு இவரு. வந்து இதோ இந்த அடுப்புகிட்ட உக்காந்து, துணிலதான் வருது, துணிலதான் வருதுன்னு முனகிட்டே இருந்தாரு. அந்த ஊர்லதான் எங்க அக்கா இருந்தா. அவளப் பத்தி நான் கேக்கல, அவரும் சொல்லல.

அப்புறம் தூக்கம் ஏது? வீடு வீடாப் போயி, துணியக் குடுக்காதீங்க எரிச்சுடுங்கன்னு கெஞ்சுவாரு. ஏழைங்க சும்மா விடுவாங்களா? குளிர் காலம் வேற. எங்க பங்க எரிக்கிறான்னு கத்துனாங்க. அதுவும் நியாயந்தானே? அதனால தன் துணிய அவங்களுக்குக் குடுத்துட்டு, செத்தவங்க துணிய குச்சியில தூக்கிட்டு வந்து கொளுத்துவாரு. அவர் துணி தீந்துச்சா, என் துணி. அதுவும் தீந்துச்சு. கடைசில பெட்டியில எலிதான் இருந்துச்சு. பொம்பள நான், வெளிய தல காட்ட ஒரு நல்ல போர்வை இல்லாம உக்காந்திருந்தேன். சண்டை போட்டேன் அவரோட. போடாம இருப்பேனா?

பள்ளிவாசல் ஆலிம்சாக்கள் என்ன சொன்னாங்கன்னா, நோவு அல்லாஹ்வோட நாட்டம், துணியில தொத்துதுன்னா நீ விதிய மறுக்குறேன்னாங்க. இவரு, நாட்டம் அவனோடதுதான், வழிதான் துணின்னாரு. யாரு காதுல ஏறுச்சு? இவரு எழுதுன புஸ்தகத்தப் பள்ளிவாசல் தண்ணித் தொட்டியில போட்டுக் கழுவுனாங்க. தண்ணி கருப்பாயிப் போச்சு, அன்னிக்குத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழூ செய்ய யாருமே அங்க வரல. நல்லவேளை, ஜெனோவாக்காரன் ஒருத்தன், இவருகிட்ட வைத்தியம் பாத்துக்கிட்டவன், அதுக்கு முன்னாடியே ஒரு பிரதி எழுதி வாங்கிட்டுப் போயிருந்தான். அதுதான் உங்க கையில இருக்கு. உங்க துறைமுகத்துல கப்பல நிறுத்தி வெச்சுத் துணிய எரிக்கிறாங்கன்னு சொன்னீங்களே, அதக் கேட்டு எனக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு தம்பி. இங்க போன மாசம்கூடத் துணி பங்கு போட்டாங்க.

அழலைங்க. புகை.

கடைசியா ஜவுளிக்கார ஹம்மாது செத்தான், அதே நோவு. அவன் தம்பி காஜியார்கிட்ட போயி, ஹக்கீம் எங்கள தர்மம் பண்ண விடமாட்டேங்கிறாருன்னு பிராது குடுத்தான். ஊர் முன்னாடி இவர வரவழைச்சாங்க. காஜியார் கெட்டவரு இல்ல. துணியால கெடுதல் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க ஹக்கீம், ஊர் அடங்கிடும்னு தன்மையாத்தான் சொன்னாரு. அந்தப் பொய்ய நான் சொல்லமாட்டேன்னுட்டாரு இவரு. நான் மரச்சல்லடைத் தடுப்புக்குப் பின்னாடி பொம்பளைங்களோட நிக்கிறேன். உடனே அந்தத் தம்பிக்காரன் சட்டையத் தூக்கிட்டு வந்துட்டான். செத்தவன் உடம்புல இருந்து கழட்டுனது, பட்டு வெச்சது. இந்தா மஸ்ஊது, எல்லார் முன்னாடியும் வாங்கிக்க, என்ன ஆகுதுன்னு பாப்போம்னான். மஸ்ஊதும் பல்லக் காட்டிட்டு முன்னால வர்றான். இடுப்புல கைக்குழந்தை. பின்னால வரிசையா நண்டும் சிண்டுமா நிக்குதுங்க.

இவரு குறுக்க வந்து நின்னாரு. என் மேல சட்டை இருக்கா பாருங்க, நானும் ஏழைதான், எனக்குக் குடுங்கன்னாரு.

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. காஜியாருக்குச் சந்தோஷம், தோத்துட்டாருன்னு நினைச்சாரு. அப்போ இங்கயே போட்டுக்கங்க, போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போங்க, எரிக்கிறதுக்குன்னா தரமாட்டோம், மஸ்ஊதுக்குத்தான்னாரு. இவரு அந்தத் தடுப்புப் பக்கம் ஒரு தடவ பாத்தாரு. நான் வேணாம் வேணாம்னு தலைய ஆட்டுறேன், அவருக்கு எங்க தெரியும், ஓட்டை வழியா? போட்டுக்கிட்டாரு தம்பி. பொத்தான்கூடப் போட்டாரு. நடுத்தெருவுல, கிட்ட வராதீங்க கிட்ட வராதீங்கன்னு கத்திக்கிட்டே நடந்து வந்தாரு. பசங்க பின்னாலயே கை தட்டிட்டு வந்துச்சுங்க.

வந்தவரு நேரா அந்த உள்ளறையில போயித் தாப்பாள் போட்டுக்கிட்டாரு. சட்டைய அங்கயே கணப்புல போட்டுக் கொளுத்திட்டாரு, வாசம் வந்துச்சு. அப்புறம் உள்ள இருந்தே, காகிதம் மை எடுத்துட்டு வா, கதவத் தொடாம அந்தப் பக்கமே உக்காருன்னாரு. என் வாப்பா காகிதக் கடை வெச்சிருந்தவரு, எனக்கு எழுத்து நல்லா வரும். அவர் சொல்லச் சொல்ல எழுதுனேன். எப்ப குளிரெடுத்துச்சு, நாக்கு எப்படிக் கசந்துச்சு, அக்குள்ல கட்டி எம்மாம் பெருசு. அழுதேன்னா, எழுதுனத படி பாப்போம்பாரு. யாரோட நோவுன்னு போடட்டும்னு கேட்டேன். எங்க ஊர்ல ஒரு ஆள்னு போடு, என் பேரு இருந்தா படிக்கிறவங்க அய்யோ பாவம்னுட்டுப் போயிடுவாங்க, நோயப் பாக்க மாட்டாங்கன்னாரு. பேச்சு நின்ன இடத்துல நானும் நிறுத்துனேன். அந்த ஜெனோவாக்காரன் மறுபடி வந்தப்போ அந்தத் தாளயும் அவன்கிட்டக் குடுத்தனுப்புனேன். ஏன் பாதில நிக்குதுன்னு உங்க வாத்தியாருங்க மண்டைய உடைச்சுக்கிறாங்கன்னீங்களே, அதான் விஷயம்.

குழி வெட்டுனது மஸ்ஊதுதான். இந்த மையத்துல எனக்கு ஒரு துணிகூட இல்லையான்னு அங்கயே புலம்புனான். அவன் புள்ளைங்க எல்லாம் நல்லா இருக்குதுங்க. பெரியவன் இப்ப மீன் புடிக்கப் போறான்.

ஏன் எழுந்திரிச்சீங்க? அட உக்காருங்க தம்பி, கோவமெல்லாம் இல்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்? பேரெல்லாம் சேக்க வேணாம், அவரு வேணாம்னுட்டாரு. ஊருக்குப் போனதும் அந்த மடையன்ங்கிறத மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. அது உங்க பக்கத்துல யாரோ சேத்தது. நான் ஒரு ஆள்னுதான் எழுதுனேன்.