அது காலை வெயில்தான்

ஐயா, நான் வாய்ச்சண்டைக்குப் போகிறவன் இல்லை. மலாக்காவில் எங்கள் காஜா பேராங் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நான் சமையல் செய்த வெள்ளைக்காரத் துரை, ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். அவர் விட்டுப்போன ஓர் ஓவியத்தை என் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். கிட்டே போனால் வெறும் சாயத் திட்டுகள். நாலடி தள்ளி நின்றால் கடலோரம் ஒரு மரக்குடிசை, அதன் பலகைகளில் வெயில். பசியோடு பார்த்தாலும் மனம் அடங்கிவிடும்.

அடுத்த வீட்டு ராஜரத்தினம் தினமும் வருவார். அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றபடி, "சாயங்கால வெயிலை நல்லா வரைஞ்சிருக்கான்" என்பார்.

"காலை வெயில்ண்ணே."

"நம்ம மலாக்காவுல சூரியன் கடல்ல இறங்கும்லா. ஏறி எங்க பார்த்த?"

"இது வெள்ளைக்காரன் ஊரு கடல்ண்ணே."

"எந்த ஊரா இருந்தா என்ன? அந்திதான்."

ஒன்றரை வருடம் இப்படியே போனது.

நாற்பத்துமூன்றில் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் கேட்டார்கள். எனக்கு எழுதத் தெரியும் என்பதால், எங்கள் தெருவிலிருந்து ஐந்து பெயர் எழுதித் தரும்படி அவர்களிடம் கணக்கெழுதும் கிராணி பொன்னுதுரை சொன்னார். நான்கு இளவட்டங்கள் தாங்களாகவே வந்தார்கள். ஐந்தாவதாக ராஜரத்தினத்தின் பெயரை எழுதினேன். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பத்தெட்டு என்று போட்டேன். கோபத்தில் செய்யவில்லை. சயாமில் கடல் கிழக்கே இருக்கிறதாம். அங்கே சூரியன் கடலிலிருந்து ஏறுவதை ஒருமுறை பார்த்தால் அவருக்கே புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

லாரியில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "மூணு மாசந்தான்லா. படத்தைப் பத்திரமா பார்த்துக்க" என்றார். சரி என்றேன்.

மறு வருடம், கால் நிறையப் புண்ணோடு தப்பி வந்த ஒருவன் தகவல் சொன்னான். ராஜரத்தினம் காட்டு முகாமில் வாந்திபேதியில் போய்விட்டார். அங்கே கடலே கிடையாதாம். அது எனக்குத் தெரியாது.

அவர் மனைவி அஞ்சலையை என் வீட்டில் உட்கார வைத்து நான்தான் பக்குவமாகச் சொன்னேன். அழுது ஓய்ந்த பிறகு அவள் படத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"அவங்க சொன்னது சரிதான். அந்தி வெயில்தான் இது."



அடுத்த பட்டியல் எழுதும்போது, பெண்களையும் சேர்க்கலாமா என்று பொன்னுதுரையிடம் கேட்டேன். முடியாது என்றார். சும்மா ஒரு விவரத்துக்காகத்தான் கேட்டேன், ஐயா.