தோரணமாகிப்போன கொடிக்கயிறு

தலைமை ஏற்றிருக்கும் நம் நீச்சல் சங்கத் தலைவர் தங்கராஜு ஐயா அவர்களே, சிகாமட்டின் பெரியோர்களே, வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே! அனைவருக்கும் லோஷினியின் அன்பு வணக்கம்.

மல்லாந்து நீந்துபவரைக் கவனித்திருக்கிறீர்களா? மற்றவர்கள் போகும் திசையைப் பார்த்து நீந்துகிறார்கள். அவரோ வானத்தைப் பார்த்தபடி, காணாத சுவரை நோக்கிக் கைவீசுகிறார். காதுகள் நீருக்குள், நாம் கத்தினாலும் கேட்காது. சுவர் வருவதை அவருக்கு யார் சொல்வது? சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால், தலைக்கு மேலே குறுக்காகக் கட்டிய, சின்னச் சின்ன வண்ணக் கொடிகள் கோத்த கொடிக்கயிறு சொல்லும்! அதைக் கண்டதும் நம் சங்கத்து நீச்சல் வீராங்கனை தர்மினி நான்கு வீச்சு எண்ணுவாள். ஐந்தாவதில் விரல் சுவரைத் தொடும்.

போன மாதம் நம் நீச்சல் விழாவில் என்ன நடந்தது?

"விருந்தாளி வர்றாரு, வாசல் மொட்டையா இருக்கு! அந்தக் கோடியில தண்ணிக்கு மேல தோரணம் எதுக்கு லா? அவுத்து இங்க கட்டுங்க" என்றார் ஒருவர்.

சிரிக்காதீர்கள்! பின்வரிசையில் "அலமாக்" என்று தலையில் கைவைக்கிறீர்களே, அன்று அந்த வாசலைப் படம் பிடித்தவர் நீங்கள்தானே?

வாசல் அழகானது. விருந்தினர் மகிழ்ந்தார். போட்டியில் தர்மினி, வராத கொடியைத் தேடிக்கொண்டே போய்ச் சுவரில் தலை மோதினாள். மூன்று தையல்.

காயம் ஆறியது, பயம் ஆறவில்லை. பாதிக் குளம் தாண்டியதுமே தலையைத் தூக்கித் திரும்பிப் பார்ப்பாள். இடுப்பு அமிழும், வேகம் போகும். வரும் சனிக்கிழமை ஜோகூர் பாருவில் மாநில நீச்சல் அணிக்கான தேர்வு. "நான் வரமாட்டன் லோஷினி. என்ட பேரை வெட்டிவிடு" என்றாள், பட்டியலை வைத்திருந்த என்னிடம். ஆறுதல் சொன்னோம், அதட்டினோம், கெஞ்சினோம். பயனில்லை.

நேற்று மாலை, தோரணம் கட்டச் சொன்ன அதே மனிதர் அளவு நாடாவோடு குளத்துக்கு வந்தார். ஆம், இப்போது தலைவர் நாற்காலியில் நெளிகிறாரே, அவரேதான்!

"தப்பு என்னோடதும்மா. இப்ப நானே அளந்து கட்டிட்டேன். நீயும் அளந்து பாரு."

தர்மினி அளந்தாள். சரியாக ஐந்து மீட்டர்.

"இன்னொருக்கா அளக்கட்டா, அங்கிள்?"

"பத்து தடவ அளம்மா. நான் எங்கயும் போகல."

மூன்று முறை அளந்துவிட்டு நீரில் இறங்கினாள். கைகள் சுழன்றன. கொடி வந்தது. ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... தலை தூக்கவில்லை! விரல் சுவரைத் தொட்டது!

அன்பர்களே, வீரம் அவளிடம் என்றும் இருந்தது. கயிற்றைக் கட்டும் பொறுப்பு யாருடையது? நம்முடையது! அளந்து கட்டுவோமா? உரிய இடத்தில் கட்டுவோமா? உரக்கச் சொல்லுங்கள்!

இன்று காலை, தேர்வுப் பட்டியலில் நான் அடித்துவிட்ட தன் பெயருக்குப் பக்கத்தில் தர்மினி அதையே மீண்டும் எழுதினாள், பெரிய எழுத்தில்.

சிரித்தும் பொறுத்தும் கேட்ட உங்களுக்கும், மேடையிலேயே தன் தவற்றைச் சொல்ல எனக்கு அனுமதி தந்த தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!