முப்பது செகண்டு

— பதில் சொல்லாதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது? மூச்சைப் பிடிங்கன்னு ஸ்கேன் மிசின் சொன்னா மூச்சைப் பிடிக்கணும். சிம்பிள். நீங்க ‘சரி கண்ணு’ன்னு வாயைத் தொறந்தா பிடிச்ச மூச்சு வெளிய வந்துருதில்லீங்களா?

— வந்துருதுங்க அம்மணி.

— அப்புறம் ஏன் பேசறீங்க?

— ஒருத்தரு அத்தனை மருவாதியாச் சொல்றப்ப, கட்டையாட்டக் கெடந்தா நல்லாவாங்க இருக்கும்?

— ஒருத்தரும் சொல்லலீங்க பாலுசாமி ஐயா. அது ரிக்கார்டு. எப்பவோ யாரோ பேசி வெச்சது. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியிருந்தே அதுதான் ஓடுது. ஒரு நாளைக்கு அம்பது பேர் படுக்கறாங்க, ஒருத்தர்கூட அதுக்குப் பதில் சொன்னதில்லை.

— அவிங்களுக்கென்னங்க.

— சரி, நான் மைக்கை அணைக்கறேன். அசையாம படுத்திருங்க. உங்க வீட்டம்மாகிட்டப் பேசிட்டு வாரேன்.

— தாராளமாப் பேசுங்க. ஆனா அவ சொல்றதை முழுசா நம்பிப்போடாதீங்க.

— கேட்டீங்களா தெய்வாத்தாம்மா?

— வெடியால உடுமலைப்பேட்டையில பஸ் ஏறுனதுலிருந்து இதைத்தானுங்க கேட்டுட்டு வாரேன். உங்க பேரென்னங்க அம்மணி?

— ஜெனிதா. உங்களை இந்த ரூமுக்குள்ள கூப்பிட்டதே, நீங்களாவது அவருக்குப் புரிய வைப்பீங்கன்னுதான். முதல் ஊசி வீணாப்போச்சு. டாக்டர்கிட்டக் கெஞ்சி இன்னொண்ணுக்கு அனுமதி வாங்கியிருக்கேன். அதுக்கு மேல போட்டா கிட்னி தாங்காது. இதுலயும் அவர் பேசிட்டாருன்னா படம் இல்லை. படம் இல்லைன்னா அந்த மாத்திரை வேலை செய்யுதா இல்லையான்னு சொல்ல முடியாது.

— கட்டியத்தான் போன வாரமே அளந்தாங்களே. அஞ்சு சென்டிமீட்டரு, அப்படியே இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க. அன்னைக்கிருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க.

— அளவை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. கட்டிக்கு ரத்தம் கொண்டு போற குழாயை அடைக்கத்தான் இந்த மாத்திரை. ஊசி மருந்து ரத்தத்தோட ஓடி, கட்டிக்குள்ள எவ்வளவு போகுதுன்னு பாக்கணும். அதுக்குத்தான் ஈரல்ல ஒரே இடத்தை முப்பது செகண்டு விடாம எடுக்கறோம். நடுவுல மூச்சு விட்டா ஈரல் நகந்துரும், கட்டியும் கூடவே நகந்துரும். அப்புறம் நான் எதைங்க பாக்கறது?

— தோப்புல சொட்டுநீர்ப் பைப்பு அடைச்சுக்கிட்டாப்பலீங்களா? மரம் நிக்கும், தண்ணி போகாது.

— அதேதாங்க. உங்களுக்கு ஒரு தடவை சொன்னதும் புரியுது. அவருக்கும் புரியுதுங்க, அதுதான் எனக்கு எரிச்சலே. வெளிய உக்காந்திருந்தப்ப எங்கிட்டயே திருப்பிச் சொன்னாரு. உள்ள போய் மிசின் பேசுனதும் எல்லாம் போச்சு.

— மூணு மாசமா அந்த மாத்திரையத் தின்னு உள்ளங்கை, உள்ளங்காலெல்லாம் தோலு உரிஞ்சுபோச்சுங்க. வரப்புல நடக்க முடியறதில்லை. டம்ளரைப் புடிக்க முடியறதில்லை. இத்தனைக்கும் பலன் இல்லீன்னா இன்னைக்கே நிறுத்திப்போடலாம். பலன் இருந்தா, நான் ஊட்டியாவது விட்டுக்குவேன். எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதுமுங்க.

— எனக்கும் அதுதாங்க வேணும். எனக்கென்ன ஆசையா, ஒரே ஆளைக் காலையிலிருந்து படுக்க வெச்சுட்டு. வெளிய பதினோரு பேர் வெறும் வயித்துல உக்காந்திருக்காங்க.

— எனக்கொண்ணும் கேக்கலீங்களே. என்ன பேசுது அந்த மிசினு?

— இங்க கேக்காதுங்க, உள்ள இருக்கறவருக்கு மட்டுந்தான். மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க. மூணே வார்த்தை. போன தடவை எங்கூட வேலை பாக்கற பாலகோபால் சார் எடுத்தாரு. ‘நோயாளி மிசினோடு பேசுகிறார், பழக்க ஒரு மணி நேரம் ஆனது’ன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்காரு. நான் சிரிச்சேன். இப்ப என் தலையிலயே விடிஞ்சிருக்கு.

— இந்தத் தடவை பொள்ளாச்சியிலயே எடுத்துக்கலாம்னு டாக்டரே சொன்னாருங்க. இந்த மனுசன் கேட்டாத்தான? கோயமுத்தூர்ப் பீளமேட்டுக்குத்தான் போகோணும், அந்த மிசின்லதான் படுக்கோணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு.

— ஒரே மிசின்ல எடுத்தா ஒப்பிட நல்லதுதாங்க. பேசாம எடுத்தா இன்னும் நல்லது. கூட வேற யாரும் வரலீங்களா? பிள்ளைங்க?

— ஒரு பொண்ணுங்க, நித்யஸ்ரீ. கோயமுத்தூர்லதான் படிச்சு ஆஸ்பத்திரி வேலையில இருந்துச்சு. மெர்வின்னு ஒரு பையனைக் கட்டிக்குச்சு. நம்ம சனமில்லை. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் ஒரு மாதிரிப் பேசவும், இவரு அந்தப் புள்ளைகிட்டப் பேச்சையே நிறுத்திப்போட்டாரு. இப்ப துபாயில இருக்குது. வாரம் தவறாமப் போன் பண்ணும். இவரு போனைக் கவுத்து வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. சீக்குன்னு அவகிட்ட நானாச் சொன்னாக்கூட என்னைய ஊட்டுக்குள்ள சேத்த மாட்டாராம்.

— மிசினுக்குப் பதில் சொல்றாரு, பெத்த பொண்ணுக்குச் சொல்ல மாட்டாராக்கும்.

— நல்லாக் கேளுங்க அம்மணி. எனக்கு மட்டும் சொல்றாருங்களா? மாத்திரை தின்னுங்கன்னா பதில் இருக்காது. மழை வருது, உள்ள வாங்கன்னா பதில் இருக்காது. முப்பத்தாறு வருசமா நான் ஒண்ணு செய்யச் சொல்லி, ம்னு ஒரு சத்தம் வந்ததில்லை. செஞ்சுபோடுவாரு, வாய் மட்டும் தொறக்காது.

— என்ன சொன்னீங்க?

— வாய் தொறக்காதுன்னேன்.

— தெய்வாத்தாம்மா, இப்படி வாங்க. இந்தச் சேர்ல உக்காருங்க. ரிக்கார்டை நான் நிறுத்திடறேன். இந்தப் பொத்தானை அமுத்திட்டு, நான் கையைக் காட்டறப்ப நீங்களே சொல்லுங்க.

— நானா? எனக்கு எழுதப் படிக்கவே தெரியாதுங்க.

— படிக்க வேண்டாம். மழை வருது, உள்ள வாங்கன்னு எப்படிச் சொல்வீங்களோ, அப்படிச் சொல்லுங்க போதும்.

— ஏனுங், கேக்குதுங்களா?

— ஆரு, தெய்வாவா? நீ எங்க அங்க? அந்தக் கொரலு எங்க போச்சு?

— அதெல்லாம் இல்லை. பேசாம படுங்க.

— ஊசி மருந்து ஏறுதுங்க ஐயா. உடம்பு சூடாகும், பயப்படாதீங்க. ம், இப்பச் சொல்லுங்க.

— மூச்சை நல்லா இழுங்க. புடிச்சுக்குங்க. விட்டுப்போடாதீங்க.

— பொத்தான்லிருந்து கையை எடுத்துருங்கம்மா. பத்து. பதினஞ்சு. அசையவே இல்லீங்க.

— சொன்னனில்லீங்க. மனுசன் அப்படித்தான்.

— இருபத்தஞ்சு. முப்பது. இப்ப விடச் சொல்லுங்க.

— விடுங்க சாமி, விடுங்க.

— அப்பாடா. இருங்க, கலர்ப் படம் வரட்டும். இது சித்திரையில எடுத்தது, இது இன்னைக்கு எடுத்தது.

— இந்தச் சித்திரைப் படத்துல நடுவால செக்கச்செவேல்னு இருக்குதே, அதானுங்களா கட்டி?

— ஆமாங்க. செவப்புன்னா ரத்தம் நிறையப் போகுதுன்னு அர்த்தம்.

— இன்னைக்குப் படத்துல அந்தச் செவப்பு எங்கீங்க? ஓரத்துல ஒரு கீத்துதான் தெரியுது.

— டாக்டர் பாத்துத்தாங்க சொல்லணும். நான் சொல்லக்கூடாது.

— அம்மணி, உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன்.

— மாத்திரையை நிறுத்திறாதீங்க. அது மட்டும் சொல்லலாம். கண்ணைத் தொடைங்க, அவர் பாத்தா வேற என்னமோன்னு நினைச்சுக்குவாரு. பாலுசாமி ஐயா, மெதுவா எந்திரிங்க. படம் சுத்தமா வந்துருச்சு.

— அந்தப் பேச்சை எதுக்குங்க நிறுத்துனீங்க?

— நீங்க அதோட பேசிட்டே இருந்தீங்கல்ல, அதுக்குத்தான்.

— ஒருக்கா போடுங்க. இன்னுஞ் சித்த நேரம் படுத்துக்கறேன். ஊசியெல்லாம் வேண்டாம், பேச்சு மட்டும் போதுமுங்க.

— ஸ்கேன் முடிஞ்சுதுங்க ஐயா. வெளிய ஆளுங்க காத்திருக்காங்க.

— ஏனுங், உங்களுக்குப் பித்துப் புடிச்சுப்போச்சா? நல்ல சேதி சொல்றாங்க, எந்திரிச்சு வராம மிசினைப் பேசச் சொல்லிக் கேக்கறீங்க.

— நீ உள்ள வந்து கேக்கலயில்ல புள்ள, அதான் இப்படிப் பேசற. அது நம்ம நித்யா கொரலு. ஆறு வருசமா அவ போனை எடுக்காதவன், அவ மூச்சைப் புடிங்கன்னு சொல்றப்பவாச்சும் ஒரு வார்த்தை பேசிக்கறேனே.