பேஸ்ட் மணக்கும் மல்லிகை

அன்னவாசலில் இருந்து புதுக்கோட்டை போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் பல் டாக்டரைப் பார்க்கப் போகும் ஓர் அம்மாவும் எட்டு வயது மகளும். அம்மாவின் தலை நிறைய மல்லிகை. ஆனால் என் மூக்குக்கு வந்தது பேஸ்ட் வாசனை.

“ராத்திரி பல்லிடுக்குல நூல் விட்டியா?”

“இல்லம்மா.”

“தெனமும் விடணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?”

“நூல் தீந்துருச்சு.”

“டப்பா நெறைய இருந்துச்சே. யாரு எடுத்தா?”

“ஒன் தலையிலதான் இருக்கு. நேத்து பூக்கட்ட நூல் இல்லைன்னு நீதானே உருவுன.”

அம்மா பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூன்று ஸ்டாப் தாண்டியதும் மகள் பக்கம் குனிந்தார்.

“டாக்டர் கேட்டா, தெனமும் விடுறேன்னு சொல்லிரு.”

“சொல்றேன். நீ உள்ள வராதம்மா. மணக்கும்.”