பிளக் போட்டாச்சா?

படகைப் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன்னால் கழுவி அனுப்ப வேண்டும், ஐயா. பெரும்பாலானவர்கள் கழுவுவதில்லை. மெக்கானிக் கை எப்படியும் கரிதானே என்று பாசியும் செதிலுமாகக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்துவிடுவார்கள். எனக்கு அது ஒப்பாது. வேலை செய்கிறவருக்குக் கோளாறு எங்கே என்று பார்த்ததும் தெரிய வேண்டாமா?

நீங்கள் அண்ணனைப் பற்றிக் கேட்கிறீர்கள், தெரியும். அங்கேதான் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

படகு எங்கள் இரண்டு பேருக்கும் பொது. ஓட்டுவது அண்ணன், பார்த்துக்கொள்வது நான். பத்தொன்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு. பட்டறைக்குப் போகும் முன் நான் ஒரு பட்டியல் எழுதுவேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் பக்கத்தில் ஒரு டிக். அதனால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் டிக்கு. அண்ணி வீட்டு ஆட்கள் முன்னால்கூட, "டேய் டிக்கு, குளிச்சதுக்கு டிக் போட்டியா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் சிடுமூஞ்சி என்பார்கள்.

இந்த வருஷப் பட்டியல் உங்கள் மேஜையில் இருக்கிறது. எல்லாம் முறைப்படி. உயிர்காப்புச் சட்டைகளை வீட்டுக்கு எடுத்து வந்து துவைத்துக் காயப்போட்டேன். பட்டறையில் கிடந்தால் எண்ணெய்க் கறை பிடிக்கும். துடுப்புகளை இறக்கினேன். உள்ளே சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பின் ஃபியூஸைக் கழற்றி, உறையில் போட்டு, மேலே எழுதியும் வைத்தேன். கடைசியாகப் பிளக். படகின் பின்பக்கம், அடியில், விரல் நுழைகிற ஓட்டை ஒன்று இருக்கும், கரையில் நிற்கும்போது தண்ணீர் வடிவதற்காக. அதை அடைக்கிற பித்தளைத் திருகுதான் பிளக். அதையும் கழற்றினேன். கழற்றத்தான் வேண்டும், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அதுவரை என் மனதில் ஒன்றுமில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

ஒப்படைத்த அன்று பட்டறைக்காரர் படகை ஒரு சுற்று சுற்றி வந்தார். அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தார். "இவ்ளோ சுத்தமா யாரும் கொண்டுவந்து விட்டதில்ல சார். படகு வச்சிருக்கவங்க உங்களைப் பாத்துக் கத்துக்கணும்" என்றார். அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார். நான் வாளியோடு பின்னால் நின்றேன்.

"நமக்கு எப்பவும் எல்லாம் நீட்டா இருக்கணும்" என்றான் அண்ணன். "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்." பிறகு என் பக்கம் திரும்பி, "டேய் டிக்கு, அந்த வாளியை வண்டில வை."

வைத்தேன். கோபம் வந்தது, உங்களிடம் அதை மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் எதையும் செய்கிற ஆள் நான் இல்லை. எட்டு நாள் யோசித்தேன். அப்புறம் பட்டறைக்குப் போய் மெக்கானிக்குக்கான வேலைத் தாளில் ஒரு வரி சேர்த்தேன்: இன்ஜின் பிளக் மாற்றவும். அந்த வரி மட்டும் வேறு மையில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

படகு தயார் என்று தகவல் வந்த அன்று காலை அண்ணி கேட்டாள். "தம்பி, அந்தச் சட்டையெல்லாம் காஞ்சிருச்சு. எடுத்துட்டுப் போறீங்களா?" அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் அண்ணி என்றேன். அவற்றை அவள் மடித்து நாற்காலியில் வைத்தாள். இன்னும் அங்கேயே இருக்கின்றன என்று கேள்வி.

பட்டறை ஏரிக்கரையிலேயே இருக்கிறது. அதன் சுவரில் ஒரு பலகை உண்டு: உரிமையாளர் கழற்றியதை உரிமையாளரே மாட்ட வேண்டும். நல்ல விதி. அண்ணன் அந்தப் பலகையின் கீழேதான் நின்று தொப்பியைச் சரிசெய்தான். படகு விஷயத்தில் அவன் மறக்காமல் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. அதையும் என்னைக் கேட்க மாட்டான். வேலை தெரிந்தவர்களைத்தான் கேட்பான்.

"பிளக் போட்டாச்சா?"

மெக்கானிக் இன்ஜின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்ஜினில் தீப்பொறி தருகிறதற்கும் அதே பெயர்தான். "போட்டாச்சு சார். மூணுமே புதுசு."

மூன்று என்று கேட்டதும் அண்ணன் நிமிர்ந்திருக்க வேண்டும், ஐயா. படகின் அடியில் இருப்பது ஒரே ஒரு ஓட்டை. பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். நான் அவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவன் "வெரிகுட்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான். பித்தளைத் திருகு என் கால்சட்டைப் பையில் இருந்தது.

"வர்றேன்டா டிக்கு."

"பாத்துப் போயிட்டு வாண்ணா" என்றேன்.

வேகமாக ஓடும்வரை அந்த ஓட்டையில் தண்ணீர் ஏறாது. நின்றால்தான் ஏறும். அண்ணன் ஏரி நடுவில் போய் நிறுத்தி, தூண்டிலைப் போட்டுவிட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்து ஒரு தூக்கம் போடுவான். அது ஊருக்கே தெரியும். அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வெட்கப்பட்டுக்கொண்டு அண்ணியிடம்கூட மறைத்துவிட்டான். நாலு மணிக்குத் திரும்புவதாகச் சொல்லியிருந்தான். ஆறு மணிக்கு நான்தான் உங்கள் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்தேன். அதற்கு முன்னால் கொடுத்தால் அனாவசியப் பதற்றம்.

அந்த மெக்கானிக்கை விட்டுவிடுங்கள். பாவம், கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னார்.

பட்டியலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'தண்ணீரில் இறக்கும் முன் மாட்ட வேண்டியவை' என்று தலைப்பு இருக்கும். சட்டைகள், துடுப்புகள், ஃபியூஸ், பிளக். நாலும் என் கையெழுத்துத்தான். நாலுக்கும் டிக் இல்லை. நாலு டிக் போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன், பழி மெக்கானிக் மேல் விழுந்திருக்கும். பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கு மனசு வராது, ஐயா. நான் அண்ணன் மாதிரி ஆள் இல்லை.