பேஸ்பால் கேட்பவள்

அமெரிக்காவில், ஐசலின் ஊர் மளிகைக்கடையில் பில் போடும் வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி காதில் இயர்போன்.

“என்னடி கேக்கற?”

“ரேடியோல பேஸ்பால்.”

“உனக்கு பேஸ்பால் தெரியுமா?”

“ஒண்ணும் தெரியாது. போன வாரம் வரைக்கும் இது நியூஸ் ஸ்டேஷன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டிராஃபிக் சொல்லுவான். எங்க வீட்டுக்காரர் பாலம் தாண்டி வர்ற வரைக்கும் கேட்டுட்டே இருப்பேன்.”

“சொன்னதையேதானே திருப்பித் திருப்பிச் சொல்லுவான்?”

“அதையே சொன்னா நிம்மதிடி. புதுசா சொன்னாத்தான் பயம்.”

“அவருக்கே ஃபோன் பண்ணிக் கேக்கலாமே?”

“டிரைவ் பண்றப்ப எடுக்கவே கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருக்கேன்.”

“அதான் ஸ்போர்ட்ஸுக்கு மாத்திட்டாங்களே, இன்னும் எதுக்குக் கேக்கற?”

“பெரிய ஆக்சிடென்ட்னா மேட்ச நிறுத்திட்டுச் சொல்லமாட்டானா?”